சைடு ஸ்டாண்டு ஏன் முறிந்தது?

பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குச் செல்லும் சாலையில் திருப்பாலைவனம் என்னும் ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் மணல் பரந்த பாலைவனத்தை எண்ணிவிட வேண்டாம். பாலை மரங்கள் அடர்ந்த வனம் என்பதால் வந்த பெயர் என்று சொல்வார்கள். சுற்றிலும் நெல்வயல்கள்தாம். ஆனால் கிழக்கே சில கிலோமீட்டர் போய்விட்டால் காட்சி மாறிவிடும். ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரியும், அதன் கரையில் மீனவர் குப்பங்களும், அப்பால் வங்கக் கடலும் வந்துவிடும்.

விடிந்தது முதல் இந்தச் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டே இருக்கும். பின் இருக்கையின்மேல் ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் மடவை, இறால், நண்டு. பெட்டியின் மூலையிலிருந்து ஐஸ் உருகிய நீர் வழியெல்லாம் சொட்டிக்கொண்டு வரும். அந்தச் சொட்டு நீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையின் கதாநாயகனும் வில்லனும் அதுதான்.

அப்படிப்பட்ட வண்டி ஒன்று ஒருநாள் காலையில் சாலையோரத்து வெல்டிங் பட்டறைக்கு வந்தது. ஓட்டி வரவில்லை, தள்ளிக்கொண்டு வந்தார் மீன் வியாபாரி. சைடு ஸ்டாண்டு கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்கியது. முந்தின நாள் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பியிருக்கிறார். பின்னால் 'டக்' என்று ஓர் ஓசை. வண்டி சாய்ந்து, மீன் பெட்டி மணலில் கவிழ்ந்தது. பக்கத்தில் நின்றிருந்த அவருடைய பையனின் கால் ஒரு சாண் இடைவெளியில் தப்பியது. மீன் போனதைவிட அதைச் சொல்லும்போதுதான் அவருடைய குரல் தடுமாறியது.

"அண்ணே, சட்டுனு ஒரு பத்த வச்சுக் குடுங்கண்ணே. ஏலத்துக்கு நேரமாவுது."

பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தார்.

"இது ஏற்கெனவே பத்த வச்ச எடம் மாதிரி இருக்கே?"

"ஆமாண்ணே. போன மாசம் வழியில ஒருத்தர்கிட்ட வச்சேன்."

"அதே எடத்துலதான் போயிருக்கு, பாரு தம்பி. நானும் அவர் மாதிரி மேலயே வச்சு அனுப்பினா, அடுத்த மாசமும் நீ இங்கதான் நிப்ப."

இதைச் சொல்லிவிட்டு அவர் வெல்டிங் ராடை எடுக்கவில்லை. முறிந்த துண்டை எடுத்து, துடைத்து, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முறிந்த முகத்தைப் படித்தார் என்றே சொல்ல வேண்டும்.

அந்த முகத்தில் என்ன இருந்தது? கீழ் விளிம்பு கரும்பழுப்பாக இருந்தது. அதற்கு மேலே வழவழப்பான ஒரு பகுதி. அதில் மெல்லிய வளைகோடுகள். ஏரியில் நீர் வற்றி இறங்கும்போது கரைச் சேற்றில் ஒன்றன்பின் ஒன்றாக விட்டுச் செல்லுமே, அந்தக் கோடுகளைப் போல. மேல் விளிம்பில் மட்டும் சர்க்கரைக் கட்டியை உடைத்ததுபோல மினுமினுக்கும் சொரசொரப்பு. வெளிப்புறத்தில் போன மாதப் பற்றவைப்பு ஒரு மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது.

பொருள் தெளிவு. பழுப்பு நிறப் பகுதி எப்போதோ வெடித்துவிட்டது. துருவேற நாள் ஆகியிருக்கிறது. கோடுகள் உள்ள பகுதி கொஞ்சம் கொஞ்சமாகப் பிளந்தது. ஒவ்வொரு கோடும் வெடிப்பு சற்று நின்று நகர்ந்த இடம். மினுமினுக்கும் பகுதி மட்டுமே நேற்று முறிந்தது. ஆக, நேற்று முறிந்த ஸ்டாண்டு நேற்று முறியத் தொடங்கவில்லை. வெடிப்பு கீழ் விளிம்பில் பிறந்து மேல்நோக்கி வளர்ந்திருக்கிறது. ஏன் கீழ் விளிம்பில்? அங்கேதான் நமக்குப் பாடம் இருக்கிறது.

மூன்றாவது கால்

மோட்டார் சைக்கிள் நிமிர்ந்து நிற்கும்போது தரையைத் தொடுவன இரண்டே புள்ளிகள்: முன் டயரும் பின் டயரும். இரு புள்ளிகளை இணைத்தால் கோடுதான் கிடைக்கும். ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அந்த ஒற்றைக் கோட்டின்மேலேயே விழுந்துகொண்டிருக்க வேண்டும். இம்மி விலகினாலும் வண்டி சாயும். சைடு ஸ்டாண்டு மூன்றாவது புள்ளியைத் தருகிறது. மூன்று புள்ளிகள் சேர்ந்தால் ஒரு முக்கோணம். செங்குத்துக் கோடு முக்கோணத்துக்குள் விழும்வரை வண்டிக்கு ஆபத்தில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 120 கிலோ, ஐஸும் மீனும் 60 கிலோ, மொத்தம் 180 கிலோ என்று கொள்வோம். இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்போது, ஈர்ப்பு மையத்தின் செங்குத்துக் கோடு டயர்க் கோட்டிலிருந்து 9 செ.மீ. தள்ளி விழுகிறது, ஸ்டாண்டின் பாதம் 27 செ.மீ. தள்ளி ஊன்றியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். நெம்புகோல் விதிப்படி ஸ்டாண்டின் பங்கு 9-ஐ 27-ஆல் வகுத்தது, அதாவது மூன்றில் ஒரு பங்கு. 60 கிலோ எடை. விசையாகச் சொன்னால் ஏறத்தாழ 600 நியூட்டன்.

ஸ்டாண்டு ஒரு கம்பிதான். அதன் மேல்முனையை ஒரு போல்ட்டில் மாட்டி, அந்த போல்ட்டைத் தாங்க ஒரு சிறு இரும்புத் தகட்டைச் சேசிஸ் குழாயோடு பற்ற வைத்திருப்பார்கள். இதைத்தான் பிராக்கெட் என்கிறோம். சில வண்டிகளில் இது போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். நம் கதையில் முறிந்தது கம்பியல்ல, இந்தத் தகடுதான். பாதம் ஊன்றிய இடம் பிராக்கெட்டிலிருந்து பக்கவாட்டில் 15 செ.மீ. விலகியிருந்தால், பிராக்கெட்டின்மேல் செயல்படும் திருப்புத்திறன் 600 நியூட்டனை 0.15 மீட்டரால் பெருக்கியது: 90 நியூட்டன் மீட்டர். இந்தத் திருகலை, 4 செ.மீ. உயரமே உள்ள பற்றவைப்பு எதிர்த்து நிற்க வேண்டும். 90-ஐ 0.04-ஆல் வகுத்தால் 2250 நியூட்டன். அதாவது 225 கிலோ எடையை ஒரு விளிம்பில் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம்! வண்டியின் மொத்த எடையே 180 கிலோதானே என்று நீங்கள் கேட்கலாம். நெம்புகோலின் வேலையே அதுதான். நீளக் கை 15, குட்டைக் கை 4.

எந்த விளிம்பு இழுபடுகிறது? உங்கள் வீட்டுச் சுவரில் அடித்த அலமாரிப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நுனியில் பளுவை வைத்தால் பலகையின் மேற்பகுதி சுவரிலிருந்து பிய்ந்துகொண்டு வரப் பார்க்கும். கீழ்ப்பகுதி சுவரோடு அழுந்தும். சைடு ஸ்டாண்டு தலைகீழான அலமாரி. தரை கீழிருந்து மேல்நோக்கித் தள்ளுகிறது. ஆகவே மேல் விளிம்பு அழுந்துகிறது. கீழ் விளிம்பு பிய்கிறது. உலோகம் அழுத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும். வெடிப்பைத் திறப்பது இழுவைதான்.

இந்த 225 கிலோ, வண்டி சும்மா நிற்கும்போது உள்ள கணக்கு. ஸ்டாண்டு போட்ட வண்டியின்மேல் ஏறி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவரின் எடையை இன்னும் சேர்க்கவில்லை. வண்டியைத் 'தொப்'பென்று ஸ்டாண்டில் விடுவதையும் சேர்க்கவில்லை. மெல்ல ஏற்றிய சுமையைக் காட்டிலும், அதே சுமையைத் திடீரென்று விட்டால் பொருளில் எழும் தகைவு இரு மடங்காகும் என்பது பொறியியலில் பழைய பாடம். மேலிருந்து விழவிட்டால் அதற்கும் மேல். பழவேற்காட்டுக் கரை போன்ற மணற்பாங்கான இடத்தில் பாதம் புதைந்து வண்டி கூடுதலாகச் சாயும். அப்போது மூன்றில் ஒன்று என்ற பங்கும் கூடிவிடும். அங்கே ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டோ ஓட்டாஞ்சல்லியோ வைப்பது வெறும் பழக்கமன்று, இயற்பியல்.

இரும்புக்கும் களைப்பு உண்டு

ஒரு கம்பியை ஒரே இழுப்பில் அறுக்க உங்களால் முடியாது. முன்னும் பின்னும் இருபது முறை மடக்கினால் அறுந்துவிடும். இதே செய்தி, சிறிய தகைவிலும் உண்டு, எண்ணிக்கைதான் பெருகும். ஜெர்மானிய ரயில்வே பொறியியலாளர் ஆகஸ்ட் வோலர் 1850களிலும் 1860களிலும் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ரயில் பெட்டிகளின் அச்சுகள், தாங்கக்கூடிய சுமைக்குக் குறைவான சுமையிலேயே ஒருநாள் திடீரென முறிந்து கொண்டிருந்த காலம் அது. அச்சுத் துண்டுகளை இயந்திரத்தில் பூட்டி இலட்சக்கணக்கான முறை சுழற்றி, சுமையின் அளவுக்கும் முறியும்வரை தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை அவர் எடுத்துக் காட்டினார். இதனை உலோகக் களைப்பு என்கிறோம்.

நம் வியாபாரி நாள் ஒன்றுக்கு 30 இடங்களில் வண்டியை நிறுத்துகிறார் என்றால், ஆண்டில் 300 நாளுக்கு 9,000 முறை ஸ்டாண்டு வளைந்து மீள்கிறது. இது போதாதென்று, ஓடும்போதும் அதற்கு ஓய்வில்லை. மடக்கிய ஸ்டாண்டு பிராக்கெட்டில் தொங்கும் ஒரு பளு. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுழன்றால் வினாடிக்கு 50 அதிர்வு. ஒரு மணி நேரத்தில் 1,80,000. ஒவ்வொரு அதிர்வும் மிகச் சிறியது. ஆனால் ஸ்பிரிங் தளர்ந்து, போல்ட் துளை தேய்ந்து, ஸ்டாண்டு 'கடகட'வென்று ஆடினால் ஒவ்வொன்றும் ஒரு சிறு சுத்தியல் அடி.

வோலர் கண்ட மற்றொரு செய்தி நமக்கு முக்கியம். எஃகுக்கு ஒரு குறிப்பிட்ட தகைவின் கீழ் எத்தனை கோடி முறை சுமை ஏற்றி இறக்கினாலும் முறிவு வருவதில்லை. ஸ்டாண்டைத் திட்டமிடும் பொறியாளர் இந்த எல்லைக்குள் தகைவை அடக்கப் பார்ப்பார். பிறகு ஏன் முறிந்தது? அந்த எல்லை உலர்ந்த, நல்ல காற்றுக்கு உரியது. உப்பு நீர் பட்டால் அந்தப் பாதுகாப்பு எல்லையே மறைந்துபோகிறது. எவ்வளவு சிறிய தகைவானாலும், போதிய காலம் கொடுத்தால், உப்பு நீரில் நனையும் எஃகை அது முறித்துவிடும்.

சொட்டு தொங்கும் இடம்

இனி அந்த ஐஸ் நீருக்கு வருவோம். மீன் பெட்டியிலிருந்து சொட்டுவது வெறும் ஐஸ் நீர் அன்று. மீனோடு வந்த உப்பும் கலந்தது. பழவேற்காடு ஏரியின் உப்புத்தன்மை ஆண்டு முழுதும் ஒன்றுபோல இராது. மழைக் காலத்தில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நன்னீரைக் கொண்டுவந்து கொட்டும். கோடையில் நீர் ஆவியாகிச் சில இடங்களில் கடலைவிடவும் கரிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு என்பது உங்களுக்குத் தெரியும். அதில் சமையல் உப்பு மட்டுமின்றி மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காற்றில் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதை உறிஞ்சி நனைந்துவிடும் பொருள் அது. ஆகவே கடலோர வண்டி, மழையே பெய்யாத நாளிலும் உண்மையில் காய்வதில்லை.

சொட்டு நீர் சேசிஸ் குழாய் வழியே இறங்கிப் பிராக்கெட்டுக்கு வருகிறது. எங்கே போய் நிற்கிறது? கீழ் விளிம்பில் தொங்குகிறது. எந்த விளிம்பு அதிகமாக இழுபடுகிறதோ, அதே விளிம்பு! கூடவே டயர் வாரியிறைத்த சேறும் அங்கேதான் அப்பிக்கொள்கிறது. குனிந்து பார்த்தாலன்றிக் கண்ணுக்கும் தெரியாது.

சேறு மூடிய இடத்தில் காற்றுப் படாதே, காற்றில்லாமல் துரு எப்படிப் பிடிக்கும் என்று புத்திசாலி மாணவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு விடை சொன்னவர் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த யூ. ஆர். ஈவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புத் தகட்டின்மேல் ஒரு பெரிய சொட்டு உப்பு நீரை விடுங்கள். சில மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். காற்று எளிதில் எட்டும் ஓரம்தான் முதலில் துருவேறும் என்று எதிர்பார்ப்பீர்கள். நடப்பது வேறு. ஓரம் பளபளப்பாகவே இருக்கும். உட்புறம் அரிக்கப்பட்டு, இடையில் பழுப்பு வளையம் ஒன்று தோன்றும்.

காரணம் இதுதான். துருப்பிடித்தல் இரண்டு பாதியாக நடக்கும் ஒரு மின்வேதி வினை. ஒரு பாதியில் இரும்பு அணு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாகக் கரைகிறது. மறுபாதியில் ஆக்ஸிஜனும் நீரும் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் நடக்க வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் நிறைந்த ஓரம் எலெக்ட்ரான்களை வாங்குகிறது; ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதி அவற்றைக் கொடுத்துவிட்டுக் கரைகிறது. இரும்பின் வழியே எலெக்ட்ரான்கள் ஓடுகின்றன. உப்பு நீரின் வழியே அயனிகள் ஓடிச் சுற்றை நிறைவு செய்கின்றன. ஒரு குட்டி மின்கலம்! நன்னீரைவிட உப்பு நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் கலம் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. சேற்றுக்கு அடியிலும், பிராக்கெட்டுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள மெல்லிய இடுக்கிலும் இதே கதைதான். காற்றுப் படாத இடமே தின்னப்படுகிறது. அங்கே உண்டாகும் துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், ஆப்பு அடித்ததுபோல் இடுக்கை மேலும் பிளக்கிறது.

வெடிப்பு ஒன்று பிறந்துவிட்டாலோ, அதைவிட நல்ல இடுக்கு துருவுக்குக் கிடைக்குமா?

இந்த வில்லனோடு தமிழ்நாட்டுக்கு நெடுங்காலப் பகை உண்டு. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் வாழ்நாள் முழுதும் துருவோடு மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயில்களை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிவகைப் பூச்சும் பயன்பட்டுள்ளன. உலோக இணைப்புகள் இடுக்கு விடாமல் பற்றவைக்கப்பட்டவை. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் 1948இல் அடிக்கல் நாட்டி, 1953இல் காரைக்குடியில் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் வரிசையாக நிறுத்தி, எது எவ்வளவு நாளில் அரிக்கப்படுகிறது என்று அளந்துவந்திருக்கிறது. பாலத்துக்குப் பொருந்துவது பிராக்கெட்டுக்கும் பொருந்தும். பிராக்கெட்டை யாரும் அளப்பதில்லை, அவ்வளவுதான்.

பட்டறையில்

நம் பட்டறைக்காரர் முதலில் செய்தது, நல்ல தண்ணீரால் அந்த இடத்தை நன்றாகக் கழுவியது. உப்பு உள்ளே இருக்க மேலே எதைச் செய்தாலும் வீண் என்றார். பிறகு காயவைத்து, கம்பிப் பிரஷாலும் கிரைண்டராலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்தார். மூலை முடுக்குகளுக்கு உப்புத்தாள். (உப்பு செய்த கேட்டை உப்புத்தாளால் தேய்ப்பது வேடிக்கைதான். பெயர் மட்டுமே ஒன்று. தாளில் இருப்பது உப்பன்று.)

அடுத்தது ஓர் அருமையான சோதனை. சேசிஸ் குழாயின்மேல் மண்ணெண்ணெயைத் தடவிச் சற்று நேரம் விட்டார். துணியால் சுத்தமாகத் துடைத்தார். அதன்மேல் வெள்ளைச் சாக்குக்கட்டிப் பொடியைத் தூவினார். வெடிப்பு இருந்தால், நுண்புழை ஏற்றத்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெல்லக் கசிந்து வெண்பொடியில் கருங்கோடாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் தன்னைத் தானே வரைந்து காட்டிவிடும். ரயில்வே பட்டறைகளில் அச்சுகளைச் சோதிக்க நெடுங்காலம் பயன்பட்ட முறை இது. ஐந்து நிமிடம் நாங்கள் அனைவரும் அந்த வெள்ளைப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு கோடு தெரிந்தது. குழாயை நோக்கி வந்து, நூலிழை தூரத்தில் நின்றுவிட்டது.

"தப்பிச்சடா தம்பி. கொழாய்ல ஏறியிருந்தா நான் கை வைக்க மாட்டேன்."

அவர் சொன்னது முழுதும் சரி. பிராக்கெட் ஒரு துணைப் பொருள். சேசிஸ் குழாயோ வண்டியின் முதுகெலும்பு. அதில் வெடிப்பு ஏறிவிட்டால், சட்டகத்தை அளவு பார்த்து நேராக்கும் வசதியுள்ள இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். சாலையோரத்தில் ஒட்டவைத்துக்கொண்டு ஓடுவது தற்கொலைக்கு ஒப்பு.

பழைய பிராக்கெட்டையே பழுதுபார்ப்பதா, புதிது வைப்பதா? தகடு நல்ல பருமனோடு இருந்து வெடிப்பு மட்டும் ஓடியிருந்தால் பழுதுபார்க்கலாம். அப்போதும் வெடிப்பின் மேலே பூசினால் ஆகாது. முதலில் வெடிப்பின் நுனியைக் கண்டுபிடித்து அங்கே ஒரு சிறு துளை போட வேண்டும். முறிவைத் தடுக்க ஓட்டை போடுவதா என்று வியப்பாக இருக்கிறதல்லவா? 1913இல் சி. இ. இங்லிஸ் என்ற பொறியியல் அறிஞர் கணக்கிட்டுக் காட்டினார்: தகட்டிலுள்ள பிளவின் நுனி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு தகைவு அங்கே குவியும். துளை போட்டால் கத்தி முனை போன்ற நுனி வட்டமாகிவிடுகிறது, தகைவு பரவிவிடுகிறது. அதன்பின் வெடிப்பு நெடுக ஆங்கில 'வி' எழுத்துபோலத் தோண்டி, அடிவரை உருகிய உலோகம் நிரம்பும்படி பற்றவைக்க வேண்டும். போன மாதம் வழியில் செய்தவர் இந்தப் பள்ளத்தைத்தான் தோண்டவில்லை. அவர் வைத்தது இரும்பின்மேல் ஒரு தோல். உள்ளே வெடிப்பு வெடிப்பாகவே இருந்தது.

இந்த வண்டியில் அதற்கும் இடமில்லை. 5 மி.மீ. இருந்த தகடு விளிம்பில் 3 மி.மீ.தான் மிஞ்சியிருந்தது. பழையதை முழுதும் வெட்டியெடுத்துவிட்டுப் புதியது வைப்பதென்று முடிவாயிற்று.

ஏலம் முடிந்துபோயிருக்கும். வியாபாரி பெருமூச்சுவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரத்தில் வைத்தார்கள். பேட்டரி இணைப்புகளை எடுத்தார்கள். 2020க்குப் பின் வந்த வண்டிகள் பெரும்பாலும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியோடு வருவதால் இது மிக அவசியம். வெல்டிங் மின்னோட்டம் வழி தவறி அதற்குள் போனால், பிராக்கெட்டைப்போல் பல மடங்கு விலை கொடுக்க நேரும். எர்த் கவ்வியையும் சக்கரத்தில் மாட்டாமல், பற்றவைக்கும் இடத்துக்கு அருகே சுத்தமான குழாயில் மாட்டினார். சக்கரத்தில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங் குண்டுகள் வழியே போய் அவற்றில் பொட்டுப்பொட்டாகச் சுட்டுவிடும்.

முறிந்த பழைய துண்டே புதியதற்கு அளவுகோல். போல்ட் துளை சற்று மேலே போனால் வண்டி அதிகம் சாயும். சற்றுக் கீழே வந்தாலோ வண்டி நிமிர்ந்து நிற்கும். நிமிர்ந்து நிற்பது நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. செங்குத்துக் கோடு முக்கோணத்தின் ஓரத்துக்கு வந்துவிடும். வலப்பக்கம் ஒரு குழந்தை சாய்ந்து தள்ளினாலும் விழுந்துவிடும். ஆகவே இரண்டு இடத்தில் பொட்டு வைத்து நிறுத்தி, ஸ்டாண்டை மாட்டி, விரித்து மடக்கிப் பார்த்து, பிறகே முழுதும் பற்றவைத்தார். குழாயின் சுவர் மெல்லியது, தகடு தடித்தது. வெப்பத்தைத் தகட்டின் பக்கமே அதிகம் காட்டினார். இல்லாவிட்டால் குழாயில் ஓட்டை விழும். கீழ் மூலையில் நிறுத்தாமல் சுற்றி வளைத்துக்கொண்டு போனார். எந்தப் பக்கமும் இடுக்கு விடவில்லை. அந்த வெளிச்சத்தை நீங்கள் ஒருபோதும் வெறுங்கண்ணால் பார்க்காதீர்கள். அதிலுள்ள புற ஊதாக்கதிர் கருவிழியைச் சுட்டு, இரவில் கண்ணுக்குள் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும்.

பற்றவைப்பு சிவந்திருக்கும்போதே உதவியாள் பையன் ஒரு குவளைத் தண்ணீரோடு ஓடிவந்தான். பட்டறைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரும்பு அப்போது கடினமாகிறது. அரிவாளுக்கு அது வேண்டும். ஆனால் கடினமாகும் எஃகு நொறுங்கும் இயல்பையும் சேர்த்தே பெறுகிறது. அதிர்ந்து வளைந்து வாழ வேண்டிய பிராக்கெட்டுக்கு அது எமன். ஆகவே காற்றில் தானே ஆறட்டும் என்று விட்டுவிட்டார்.

தடித்த தகடு போடலாமே?

இதற்குள் வியாபாரிக்கு ஒரு யோசனை. "5 மி.மீ. எதுக்குண்ணே, ஒரு 10 மி.மீ. தகடா வச்சா ஆயுசுக்கும் போவாதில்ல?"

கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருப்புத்திறன் தகட்டோடு நின்றுவிடுவதில்லை. தகட்டைக் கடந்து குழாய்க்குப் போகிறது. அசையாத தடித்த தகட்டின் ஓரத்தில் மெல்லிய குழாய் திடீரென்று தொடங்கினால், வளைவெல்லாம் அந்த ஓரத்திலேயே குவியும். பிராக்கெட் பிழைக்கும், சேசிஸ் கிழியும். சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டும் தடிப்பாக்கினால் அறுபடும் இடம் மாறுமே தவிர, அறுபடாமல் போகாது. முறிந்தே தீர வேண்டுமென்றால் விலை குறைந்த பொருள் முறியட்டும். அவர் தகட்டின் பருமனைக் கூட்டாமல், கீழ்ப்புறத்தில் மட்டும் ஒரு சிறு முக்கோணத் துண்டு வைத்தார். நெம்புகோலின் குட்டைக் கை 4 செ.மீ. என்பது 6 ஆனால் 225 கிலோ 150 ஆகிவிடும் அல்லவா? அந்தத் துண்டின் முனையையும் செதுக்கிச் சரிவாக்கி, குழாயோடு மெல்லக் கலக்கும்படி விட்டார்.

ஆறிய பின் கசடைத் தட்டியெடுத்துவிட்டு, துத்தநாகம் கலந்த பிரைமரைப் பூசினார். இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுப்பது துத்தநாகம். பூச்சில் கீறல் விழுந்தாலும், இரும்புக்குப் பதிலாகத் தான் கரைந்து அதைக் காப்பாற்றும். அதன்மேல் வண்ணம் இரண்டு பூச்சு. போல்ட்டில் கிரீஸ், புதிய ஸ்பிரிங். வெல்டிங்கைவிட ஸ்பிரிங்குக்குத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. தளர்ந்த ஸ்பிரிங்கால் ஓடும்போது ஸ்டாண்டு கீழே இறங்கி, இடப்பக்கத் திருப்பத்தில் தரையில் ஊன்றி, வண்டியையே தூக்கி எறிந்துவிடும். இக்காலத்து வண்டிகள் பலவற்றில், ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சினை ஓடவிடாத ஒரு சுவிட்ச் உண்டு. இந்த வண்டி அதற்கு முந்தியது.

ஒரு வாரம் கழித்து வண்டி மறுபடி வந்தது. ஓட்டிக்கொண்டே வந்தார். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, பொடி தூவிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பொடி வெள்ளையாகவே இருந்தது.

பட்டறைக்காரருக்கு அது போதவில்லை. ஐஸ் பெட்டியின் மூலைத் துளையைப் பார்த்தார். நீர் அதே இடப்பக்கத்தில், நேராகப் பிராக்கெட்டின் தலையிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. வலப்பக்கம் திருப்பிவிடலாமா என்றார் வியாபாரி. அங்கே சைலன்சர் இருக்கிறது. சூடான இரும்பில் உப்பு நீர் அதைவிடக் கேடு. பட்டறை மூலையில் கிடந்த ரப்பர்க் குழாய் ஒன்றை ஒரு முழம் வெட்டி, துளையில் செருகி, கம்பியால் கட்டி, நம்பர் பிளேட்டையும் தாண்டிப் பின்னால் தொங்கும்படி விட்டார். வண்டி பழவேற்காட்டுப் பக்கம் திரும்பிப் போனபோது, சொட்டு நீர் சாலையின் நடுவே ஒரு மெல்லிய கோடாக விழுந்துகொண்டே போயிற்று.